இரும்பு பழகும் நேரம்

இருபது நிமிஷம் தொடக்கூடாது. மேலே ஆபீஸில் மின்விசிறிக்கு அடியில் கிடந்த எஃகு டேப், பதினான்காம் மட்டத்தின் வெக்கைக்கு வந்ததும் மயிரிழை நீளும். நீண்டு முடிகிறவரை அது காட்டுகிற எண் பொய். அதனால் இடதுசுவரில் பதித்த ஆணியில் ஒரு கொக்கி, வலதுசுவர் ஆணியில் ஒரு கொக்கி, நடுவில் டேப்பை மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இரும்பு பழகட்டும் என்போம். பழகிய பிறகு விசையை இழுத்து, வட்டமுகத்தில் முள் எங்கே நிற்கிறது என்று படித்தால், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடையே போன வாரத்தைவிட எத்தனை மில்லி குறைந்திருக்கிறது என்று தெரியும். குறையாத வாரமே கிடையாது. பாறையைக் குடைந்து வழி போட்டால் பாறை சும்மா இருக்குமா, இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல நெருங்கி வரும். எவ்வளவு நெருங்கியது என்று பார்த்துச் சொல்வதுதான் இருபத்தெட்டு வருஷமாக எனக்குச் சோறு போடுகிற வேலை. மொத்தம் இருபது மில்லியைத் தாண்டினால் ஆட்களை வெளியே எடுத்துவிட வேண்டும். மணி பத்து நாற்பது. எதிரே ஒரு மரக்கட்டையில் சுபாஷிணி மேடம் உட்கார்ந்திருக்கிறார், நெய்வேலிப் பெண், இன்ஜினியர், இங்கே வந்து ஆறு வாரம். என்னை எத்திராஜண்ணா என்றுதான் கூப்பிடுவார், முதல் நாள் எனக்கு அது கூச்சமாகக்கூட இருந்தது. போன செவ்வாய் கல் அள்ளுகிற லோடர் வண்டி பின்னால் வந்து இந்தப் பதினோராம் அளவுப் புள்ளியின் இடது ஆணியைப் பெயர்த்துவிட்டது. நேற்று புது ஆணி பதித்தோம், சிமெண்ட் வாசம் இன்னும் போகவில்லை. மேடத்தின் மடியில் நோட்டு, அதில் புதுத் தாள். தலைப்பில் ‘பதினொன்று – அ’. மொத்தம் என்கிற கட்டத்தில், நாங்கள் இன்னும் படிக்கவே இல்லை, அதற்குள் பென்சிலால் ஒரு பூஜ்யம் போட்டு வைத்திருக்கிறார். என் தலைவிளக்கு வெளிச்சத்தில் அது நன்றாகவே தெரிகிறது.

அந்தப் பூஜ்யத்தை எனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் நானே ஒன்று போட்டேன். ஏழாம் புள்ளியில். அங்கேயும் லோடர்தான், அங்கேயும் இடது ஆணிதான், இந்த வண்டிக்காரர்களுக்கு இடதுபக்கத்தில் கண் கிடையாது. பழைய ஆணிக்குமுன் மண் குவிந்திருந்ததால், நாலு மீட்டர் இப்பால் தள்ளிப் புது ஜோடி பதித்தோம். அன்று சனிக்கிழமை, கூட எழுதுகிற ஆள் லீவு. புதுத் தாளில் ‘ஏழு – அ’ என்று எழுதி, மொத்தம் என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. மறந்துபோய்ப் போட்டேன் என்று இந்த எட்டு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, அது சுத்தப் பொய். மறக்கவில்லை. பழைய ஆணியில் எவ்வளவு சேர்ந்திருந்தது என்று பார்த்துப் போட வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன். பழைய நோட்டு மேலே ஆபீஸில். ஆட்களை மேலே ஏற்றுகிற கூண்டு வருகிற நேரமாகிவிட்டது. இப்போதைக்குப் பூஜ்யம் போடுவோம், மேலே போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேலே போனேன். குளித்தேன். சனிக்கிழமை என்றால் வீட்டில் கறி எடுப்பார்கள். நோட்டு அலமாரியில் இருந்தது, அலமாரியைக் கடந்துதான் வாசலுக்குப் போனேன், சாவி மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பார்த்தேன். திங்கள்கிழமை வேறு வேலை. அடுத்த வாரம் மொத்தம் ஒன்று புள்ளி ஒன்பது, அதற்கடுத்து நாலு, அதற்கும் அடுத்து ஆறு புள்ளி ஒன்று. தாளைப் பார்க்கிற யாருக்கும் ஏழு – அ நல்ல பிள்ளை. பழைய நோட்டில் பதினாலு புள்ளி மூன்று தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் கூட்டினால் இருபது புள்ளி நாலு. ஒன்றாம் வகுப்புக் கணக்கு இது. பதினாலும் ஆறும் இருபது. மூன்றும் ஒன்றும் நாலு. பல் விளக்கும்போது கூட்டுகிறேன், பஸ்ஸில் கூட்டுகிறேன், இப்போதும் கூட்டுகிறேன், ஒரு தடவையாவது பத்தொன்பது வந்து தொலையுமா என்று.

கட்டத்தில் ஒரு எண் எழுத இரண்டு ஆள் வேண்டும். அது எங்கள் வழக்கம். ஒருவன் படிப்பான், எழுதுகிறவன் அதை அப்படியே திருப்பிச் சொல்வான், படித்தவன் ‘ஆமா’ என்பான், அதற்கப்புறம்தான் பேனா தாளைத் தொடும். துளையிடும் இயந்திரத்தின் இரைச்சலில் ஆறு ஏழாகிவிடும், அதற்குத்தான். சம்பங்கி எழுதுகிறவன், நான் படிக்கிறவன். ரெண்டு பேரும் தங்கவயலில் மூன்று வருஷம், அது மூடியதும் நாற்பது குடும்பத்தோடு இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு வந்து மிச்சம் எல்லாம். திருப்பிச் சொல்லிச் சொல்லி அவனுக்கு அது நாக்கிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் ‘நாற்பத்திரண்டு ரூபா’ என்றால் ‘நாற்பத்திரண்டு ரூபா’ என்று சொல்லிவிட்டு நிற்பான், கடைக்காரர் ஆமா சொல்கிறவரை பையில் கை போகாது. டாக்டர் மூச்சை இழுத்து விடு என்றால், மூச்சை இழுத்து விடணும் என்று அவரிடமே சொல்வான். அவன் பெண்டாட்டி பூங்காவனம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே சுவர், அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஒருநாள் ஏதோ சண்டை. கோபத்தில் பூங்காவனம், ‘போய்த் தொலை’ என்றிருக்கிறது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டே, ‘போய்த் தொலை. சரிதானே?’ என்று கேட்டுவிட்டு வாசலில் நின்றிருக்கிறான். கோபமெல்லாம் போய் வயிறு வலிக்கச் சிரித்தேன் அண்ணே என்று அன்றைக்கு என்னிடம் சொன்னது. அவன் காரியம் முடிந்த அன்றைக்கும் அதையேதான் சொன்னது. அப்போது ஆமான்னு நான் சொல்லல அண்ணே, சத்தியமாச் சொல்லல, ஆனா இல்லைன்னும் சொல்லலியே என்றது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. பீடி பிடிக்கிற மாதிரி வெளியே வந்துவிட்டேன், நான் பீடி விட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

மணி பத்து நாற்பத்தாறு. முன்னால் துளை போடுகிற சத்தம் கேட்கிறது. ஆறு பேர் இருக்கிறார்கள் அங்கே, இந்தப் பதினோராம் புள்ளியைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். இங்கே பழைய ஆணியில் சேர்ந்திருந்தது பன்னிரண்டு புள்ளி ஆறு. ஆணி இல்லாத இந்தச் சில நாளில் எவ்வளவு சேர்ந்ததோ, அது யாருக்கும் தெரியாது. மேடத்திடம் சொல்ல வேண்டும். பழசைக் கூட்டுங்கள் என்று நாலு வார்த்தை. சொல்லத்தான் போகிறேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை, இன்னொரு தடவை அதைச் செய்ய நான் அவ்வளவு கெட்டவன் இல்லை. ஆனால் இந்தப் பெண் கெட்டிக்காரி. காலையில் கூண்டில் இறங்கும்போதே, அத்தனை பேர் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டு நிற்கையில், ‘அண்ணா, பழைய ஃபைல்ல ஏழு – அ இருக்கு, வெறும் ஏழைக் காணோமே?’ என்று கேட்டார். ‘தேடணும் மேடம்’ என்றேன். காது அடைத்தது. கூண்டு வேகமாக இறங்கினால் எல்லோருக்கும் காது அடைக்கும், எச்சிலை விழுங்கினேன். இங்கே பழசைக் கூட்டச் சொன்னால் அந்தக் கேள்வி உடனே எழுந்து வரும், அப்போ ஏழில் ஏன் கூட்டவில்லை என்று. சமாளிக்கவும் வழி இருக்கிறது. போன மாதம்தான் புது விதி வந்தது மேடம் என்று சொல்லலாம். சொன்னால் நம்புவார். ஆறு பேரும் பிழைத்துக்கொள்வார்கள், நானும் பிழைத்துக்கொள்வேன். எல்லோருக்கும் நல்லதுதானே. சம்பங்கிக்கு மட்டும் நல்லது இல்லை. அவன்தான் போய்விட்டானே என்று மனசு சொல்கிறது, இந்த மனசை என்ன செய்வது.

அவன் செத்த அன்று காலை, ஏழு – அ-வில் படித்துக் கழித்து மொத்தத்தைச் சொன்னேன். ‘ஆறு புள்ளி ஒண்ணு.’ சம்பங்கி திருப்பிச் சொல்லவில்லை. இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவை. நான் நிமிர்ந்து பார்த்தேன், பேனாவைக் காதில் சொருகிக்கொண்டிருந்தான். ‘பழசு எவ்ளோடா எத்தி?’ என்றான். எனக்குச் சுருக்கென்றது. தெரியும் அல்லவா, அதனால்தான் சுருக்கென்றது. தெரியாதவனாக இருந்திருந்தால் நின்று யோசித்திருப்பேன். ‘புது ஆணி, புதுக் கணக்கு. எழுதுடா’ என்றேன். அவன் சுவரைத் தடவிப் பார்த்தான், மாட்டைத் தடவுகிற மாதிரி. ‘சுவருக்கு ஆணி மாத்துனது தெரியுமா?’ என்றான். கிண்டல் இல்லை அது, நிஜமாகவே கேட்டான். எனக்குத்தான் கிண்டலாகப் பட்டது. ‘பெரிய இன்ஜினியரு. வேணும்னா நீயே போய்ப் பழைய ஆணியக் கேளு’ என்று சொல்லிவிட்டு, டேப்பைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். ‘நான் எட்டுல மாட்டறேன், நீ வந்து சேரு.’ பழைய ஜோடி ஆணி கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருந்தது. அங்கே மேலிருந்து சில்லு சில்லாகக் கல் உதிர்ந்துகொண்டிருந்ததால் ரெண்டு நாளாகச் சிவப்புக் கயிறு கட்டிவைத்திருந்தார்கள். போய்க் கேள் என்றால் போகிற இடமா அது. வாய்தானே, பேசிவிட்டேன். ஆனால் சம்பங்கி எதையும் திருப்பிச் சொல்லி ஆமா கேட்கிறவன், அன்றைக்கு என்னிடம் எதையும் திருப்பிச் சொல்லவில்லை, ஆமாவும் கேட்கவில்லை. அப்படியே போனான்.

எட்டாம் புள்ளியில் டேப்பை மாட்டிவிட்டு இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு, இந்த ஆள் எங்கே போய்த் தொலைந்தான் என்று திட்டிக்கொண்டு. ஆமாம், நானும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டாவது நிமிஷத்தில் காற்று வந்தது. சத்தம் அதற்கப்புறம். முதலில் காற்றுதான் வரும், வெதுவெதுவென்று முகத்தில் அடித்து, தலைவிளக்கின் வெளிச்சம் முழுக்கத் தூளாகி, வாயெல்லாம் மண். மாட்டியிருந்த டேப் மட்டும் தந்தி மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. ஓடினேன். கயிற்றின் ஒரு முனை ஆடிக்கொண்டிருந்தது, மறுமுனை கல்லுக்கு அடியில். இப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. பன்னிரண்டாவது நிமிஷம். தினமும் ஒவ்வொரு புள்ளியிலும் எனக்குப் பன்னிரண்டாவது நிமிஷம் வருகிறது. சுவரைப் பார்க்கக்கூடாது, டேப்பைத்தான் பார்க்க வேண்டும். எங்கோ தண்ணீர் சொட்டுகிறது. வியர்வை முதுகில் இறங்கி பெல்ட்டில் தேங்குகிறது. மேடம் ஏதோ சொல்கிறார். ‘தண்ணி குடிக்கிறீங்களாண்ணா?’ பாட்டிலை நீட்டுகிறார். வேண்டாம் என்று தலையாட்டினேன், ஆட்டியதில் வெளிச்சம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பதின்மூன்றாவது நிமிஷம்.

மீட்புக்காரர்கள் வருவதற்குள் நான் அவன் கையைக் கண்டுபிடித்துவிட்டேன். கையும் தோளும் மட்டும்தான் வெளியே. சூடாக இருந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். விரல் மூடியிருந்தது. உள்ளே என்னவோ மஞ்சளாக. அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்குமே, ஐந்து மீட்டர் சின்ன டேப், தச்சர்கள் வைத்திருப்பது, அது. பழைய இடது ஆணியின் வேர் பாறைக்குள் மிச்சமிருக்கும், எதிர்ச்சுவர் ஆணி முழுசாகவே இருந்தது. ரெண்டுக்கும் நடுவே அளந்துவிட்டால் மொத்தம் எவ்வளவு என்று குத்துமதிப்பாகவாவது தெரிந்துவிடும். அதற்குத்தான் போயிருக்கிறான். அளந்தானா, அளப்பதற்கு முன்னாலேயேவா, அது எனக்குத் தெரியாது. அளந்து, எண்ணைப் பார்த்து, என்னிடம் சொல்லத் திரும்பியிருப்பானோ? அப்படியென்றால் அது என்ன எண், யாரிடம் அதைத் திருப்பிச் சொல்வான்? தூரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டேப்பை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் கொடுக்கலாம் என்று எடுத்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்புறம் விரல்களை மறுபடியும் மூடிவிட்டேன். ஏன் மூடினேன்? திறந்துகிடந்த கையைப் பார்க்க முடியவில்லை, அதனால் மூடினேன். அந்த மூடிய கையை ஆறு பேர் பார்த்தார்கள், மேலே வந்து அறுபது பேரிடம் சொன்னார்கள். கையை மூடிக்கொண்டு செத்திருக்கிறான், அப்போ கையில் என்ன? தங்கச் சுரங்கத்தில் கயிற்றைத் தாண்டிப் போனவன் கை மூடியிருந்தால் ஊர் என்ன சொல்லும்? மினுக்கல் பொறுக்கப் போனான். பாறையில் மஞ்சள் கோடு தெரிகிற கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு வருகிற திருட்டுக்கு அதுதான் பேர். இருபத்தேழு வருஷத்தில் ஒரு கூழாங்கல்கூட வீட்டுக்கு எடுத்துப் போகாத சம்பங்கி மினுக்கல் பொறுக்கினான்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். டீ கொடுத்தார்கள், பிஸ்கட்டும். ஏழு – அ தாளை மேஜையில் வைத்து, ஆறு புள்ளி ஒன்று, ஆபத்து எல்லைக்கு ரொம்பக் கீழே என்றார் ஒருவர். பழைய நோட்டை யாரும் கேட்கவில்லை, அது அலமாரியிலேயே இருந்தது, நான் ஒளித்துக்கூட வைக்கவில்லை. ‘முன்கூட்டியே ஏதாவது அறிகுறி இருந்ததா?’ என்று கேட்டார். ‘இல்லீங்க சார்’ என்றேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. பிஸ்கட் வாயில் இருந்தது, அதை முழுங்கிவிட்டுச் சொன்னேன். தடுப்புக் கயிற்றைத் தாண்டிச் சென்றது தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு என்று அறிக்கை வந்தது. என்னுடைய அந்த ஒரு வார்த்தை, நாலு பக்கமாக டைப் அடித்து, முத்திரை குத்தி.

கூண்டு ஏறுகிற இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர் இருக்கிறது. வேலையில் செத்தவர்கள் பேரை நீலப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள், யார் எழுத ஆரம்பித்தது என்று தெரியாது, இந்து, கிறிஸ்தவர், கன்னடக்காரர், தெலுங்கர், எல்லாப் பேரும் கலந்துதான். உள்ளே போகிறவர்கள் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போவார்கள். கடைசிப் பேருக்குக் கீழே ஒரு சாண் இடம் எட்டு மாதமாகச் சும்மா இருக்கிறது. சங்கத்தில் பேசிப் பார்த்தார்கள். விதியை மீறிப் போனவன் பேரை எழுதினால் நாளைக்கு எல்லோரும் மீறுவார்கள் என்று சிலர். அதற்குமேல் சொல்லாமல் கையை மூடிக் காட்டிவிட்டுப் போனவர்கள் சிலர். பூங்காவனம் மாதம் ஒருதரம் கேட் வரைக்கும் வரும். வாட்ச்மேன் உள்ளே விடுவார், பாவம் பார்த்து. அந்தச் சும்மா இருக்கிற இடத்தைத் தொட்டுவிட்டுப் போகும். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றது. கருவாட்டுக் குழம்பு கிண்ணத்தில், எனக்குப் பிடிக்கும் என்று இப்போதும் கொண்டுவரும். ‘அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ரோட்டுல கோடு போட்டிருந்தாகூட மிதிக்காத மனுசன். கயித்த ஏன் தாண்டுனாரு?’ நான் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். ‘நீ கூட இருந்தவன். நீ போய் சங்கத்துல, அவன் அப்பிடிப்பட்டவன் இல்லன்னு சொன்னா எழுதுவாங்கண்ணே. அவரு பேரு இருந்தாப் போதும்.’ சொல்றேம்மா என்றேன். குழம்பைச் சாப்பிட்டேன். சாப்பிட்டேன், அதுதான் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. தொண்டையில் நிற்கும் என்று பார்த்தேன், நிற்கவில்லை, ருசியாக இருந்தது, விரலை நக்கினேன்.

மணி பத்து ஐம்பத்தெட்டு. வேலை போனால் போகட்டும், ஜெயிலில் போட்டாலும் போடட்டும், அந்தப் பயம் முதல் மாதத்தில் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. எனக்குப் பயம் அந்த ஒரே சுவர்தான். சொன்ன பிறகு ராத்திரி நான் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் படுக்க வேண்டும், பூங்காவனம் அந்தப் பக்கம் படுக்க வேண்டும். அந்தப் பக்கம் அழுதால் இந்தப் பக்கம் கேட்கும். இப்போது என்னை அண்ணே என்று கூப்பிடுகிறது. அந்த அண்ணேவைக் கொடுத்துவிட்டுத்தான் அவன் பேரை வாங்க வேண்டும். எட்டு மாதமாக இதைத்தான் மனசுக்குள் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருக்கிறேன், அவன் பேர் இல்லாமல் கிடக்கிறது, நான் அண்ணேவாக இருக்கிறேன். ஒரு பேச்சுக்கு, சம்பங்கி படிக்கிறவனாக, நான் எழுதுகிறவனாக இருந்து, அவன் பூஜ்யம் போட்டு, நான் செத்திருந்தால்? அவன் சொல்லியிருப்பான். அன்று மாலையே, விசாரணைக்கெல்லாம் முன்னால், கடைத்தெருவில் நின்று சொல்லியிருப்பான். யாராவது ஆமா என்று சொல்கிறவரை நகர்ந்திருக்கமாட்டான். இதை நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. வியர்வை என்று துடைத்துக்கொள்ளலாம், இங்கே எல்லோர் முகமும் ஈரம்தான். பேன்ட் பையில் அந்தச் சின்ன டேப் தொடையை அழுத்துகிறது. வீட்டில் கொடுக்கவே இல்லை. தினமும் அதோடுதான் இறங்குகிறேன்.

‘அண்ணா, பதினொண்ணு ஆச்சு. பழகியிருக்கும்’ என்றார் மேடம்.

எழுந்தேன். முட்டி சொடுக்கியது. விசையை இழுத்து, அதிலுள்ள இரண்டு கோடும் ஒன்றாகச் சேர்ந்ததும் வட்டமுகத்தில் வெளிச்சம் அடித்துப் படித்தேன். ‘மூவாயிரத்து எண்ணூத்தி ஏழு புள்ளி நாலு.’

‘மூவாயிரத்து எண்ணூத்தி ஏழு புள்ளி நாலு.’

‘ஆமா.’

மூன்று தடவை தளர்த்தி மூன்று தடவை இழுத்துப் படிக்க வேண்டும். மூன்றும் ஒரே எண். எழுதிக்கொண்டார். பென்சில் அடுத்த கட்டத்துக்குப் போனது.

‘மொத்தம், பூஜ்யம்’ என்றார், என் ஆமாவுக்காக நிமிர்ந்து பார்த்தபடி.

‘இல்லீங்க மேடம்’ என்றேன். இந்த வார்த்தையை நான் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். ‘பன்னண்டு புள்ளி ஆறு.’

‘அது பழைய ஆணியோட மொத்தம் இல்லையாண்ணா?’

‘சுவருக்கு ஆணி மாத்தினது தெரியாது மேடம்.’

 மேடம் ரப்பரால் பூஜ்யத்தை அழித்துவிட்டு, தூளை ஊதினார். ‘பன்னண்டு புள்ளி ஆறு.’

‘ஆமா.’

‘நடுவுல விட்டுப்போன நாளுக்கும் ஏதாவது சேர்த்துக்கணும், இல்லையா?’

‘ஆமா மேடம்.’

முன்னால் துளை போடுகிற சத்தம் நின்றது, கம்பி மாற்றுகிறார்கள் போலிருக்கிறது. இப்படி நின்றால் சுரங்கத்துக்குள் மூச்சுவிடுகிற சத்தம்கூடக் கேட்கும். மேடம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை, நோட்டையும் மூடவில்லை. ‘அப்போ ஏழுல?’ என்று மெதுவாகக் கேட்டார். புது விதி போன மாதம்தான் வந்தது மேடம், என்று நாக்கு தயாராக இருந்தது. எவ்வளவு தயாராக இருந்தது என்றால், முதல் எழுத்து உதட்டில் வந்துவிட்டது.

‘பதினாலு புள்ளி மூணு’ என்றேன்.

அவர் திருப்பிச் சொல்லவில்லை. மனசுக்குள் கூட்டுகிறார் என்று தெரிந்தது. உதடு அசைந்தது, கண் சற்றே பெரிதானது. இரண்டு ஆள் நிற்கிற இடத்தில் ஒருவர் திருப்பிச் சொல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மௌனத்தை இன்னொரு தடவை என்னால் விட்டுவிட்டு நடக்க முடியாது.

‘இருபது புள்ளி நாலு மேடம். அன்னைக்குக் காலைல சம்பங்கி கேட்டான். நான்தான் கூட்டல. பழைய ஆணியைத் தேடித்தான் அவன் கயித்தத் தாண்டினான். கையில இருந்தது கல் இல்ல.’ பைக்குள் கை போய், மஞ்சள் டேப்பை எடுத்து அவர் நோட்டின்மேல் வைத்தேன்.  ‘நான்தான் எடுத்தேன்.’

மேடம் அதைத் தொடவில்லை. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் டேப்பை மெல்லப் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்திவிட்டு, புதுப்பக்கம் புரட்டி, தேதி போட்டார். பிறகு குனிந்த தலை நிமிராமல், எந்த எண்ணையும் சொல்கிற அதே குரலில், ஆனால் கொஞ்சம் உடைந்து:

‘சம்பங்கி கேட்டார். நீங்க கூட்டல. பழைய ஆணியைத் தேடித்தான் அவர் கயித்தைத் தாண்டினார். கையில இருந்தது கல் இல்ல. டேப். அதை எடுத்தது நீங்க.’

பென்சில் தாளுக்கு மேலே நின்றது, எனக்காக.

‘ஆமா’ என்றேன்.